கால்மாட்டுக் கனம்

அன்று இரவு என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் அங்கே இருந்தேன், என் காதாலேயே கேட்டேன் என்று பின்னால் யாரும் கிளம்பக் கூடாது.

நான். நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் தம்பி. தராசு பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தவன், ஏழு வருடமாக என்னோடு இருக்கிறான். தம்பியின் ஒரே மகள். அவளுடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக். அவர்களின் நான்கு மாதக் குழந்தை, தரையில் விரித்த போர்வையில் தூங்கிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுக் கம்பவுண்டர், கால்நடை மருத்துவமனையில் வேலை. தெருவே அவரை ‘ஊசி’ என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

ஏழாவது, பூனை. அது கூடத்துக்குள் இல்லை. வாசலுக்கு வெளியே, செருப்புப் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தது. தம்பி கூடத்தில் இருக்கும்வரை அதற்கு இடம் அங்கேதான்.

மழை. மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை செல்போன் விளக்கைப் போட்டு, அதன்மேல் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்திருந்தார். சுவரெல்லாம் தண்ணீர் ஆடுவதுபோல் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

“மாமா, உங்க கையே தராசுன்னு இவ பீத்திக்குவா. பாப்பா எவ்வளவு கனம், தூக்கிப் பாத்துச் சொல்லுங்க பாப்போம்” என்றார் மாப்பிள்ளை.

தம்பி குனிந்து கை நீட்டினான்.

“தூங்குற குழந்தையைத் தொடாதே” என்றேன்.

கையை மடக்கிக்கொண்டான். சிரித்தான். “கை மரத்துப்போச்சு மாப்பிள்ளை. அதெல்லாம் ஒரு காலம்.” பிறகு எழுந்தான். “நான் போறேன். தூக்கம் வருது.”

அறைக் கதவைச் சாத்தினான். உள்ளே இரும்புக் கட்டிலின் ஸ்பிரிங் முனகியது. அது அடங்கியதும் பூனை உள்ளே வந்து, நேராக என் மடியில் ஏறிச் சுருண்டது.

“பாருங்களேன்” என்றாள் தம்பி மகள். “அப்பா எழுந்து போனாத்தான் இது உள்ள வருது. முன்னாடியெல்லாம் அப்பா கால்மாட்டுலதானே அத்தை படுக்கும்? நான் லீவுக்கு வந்தாக்கூட என்கிட்ட வராது.”

கம்பவுண்டர் உற்சாகமாகிவிட்டார். “அதுக்குப் பத்துக் காரணம் இருக்கும்மா. சோப்பு மாத்தியிருப்பாரு, வாடை புடிக்காது. ராத்திரி உதைச்சிருப்பாரு. குறட்டை. உடம்புச் சூடு. பூனைக்கு வயசானா உயரத்துல ஏறாது…”

“அத்தை மடி மட்டும் பள்ளத்துலயா இருக்கு?” என்றாள் அவள்.

“உங்க அத்தை மடி வேற. அது கோர்ட்டு மாதிரி. பூனைகூட கப்சிப்னு உக்காரணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். மறுநாள் அப்பாவைத் தங்களோடு அழைத்துக்கொண்டு போகப்போகிறார்களாம். அவளுக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை.

“அப்பாவுக்கு அந்த ரூம குடுத்துடறோம் அத்தை. நாங்க ஹால்ல படுத்துக்குவோம். எனக்கு நைட் ஷிஃப்ட் வந்தா பாப்பா அப்பா பக்கத்துல படுத்துக்கும். அவருக்கும் ஒரு துணை. நீங்க எத்தனை வருஷந்தான் பாப்பீங்க?”

பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“பூனைன்னதும் ஞாபகம் வருது” என்று மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். மழை இரவுக்கென்றே ஒரு குரல் வைத்திருப்பவர். “எங்க கம்பெனியில ஒருத்தன் சொன்னான். அவன் நண்பனோட சித்தப்பாவுக்கு நடந்ததாம். ராத்திரி பன்னெண்டு மணி. கும்மிருட்டு. ஆளே இல்லாத ரோடு. அந்த ஆளு நல்லா குடிச்சிட்டு, தோள்ல ஒரு பைய மாட்டிக்கிட்டு, நடந்து வரான்… பையில தராசுக்காரங்க வச்சிருக்கற எடைக்கல்லு. திடீர்னு பை கனக்குது…”

“குடிக்கலை” என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

“பன்னெண்டு மணியும் இல்லை. பத்து நாப்பது. கும்மிருட்டும் இல்லை, பஸ் ஸ்டாப்புல ஒரு விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்தது. யாரோட சித்தப்பாவும் இல்லை மாப்பிள்ளை. அது என் தம்பி.”

மகள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழு வருடமாக நான் வாய் திறக்காத விஷயம். மறுநாள் அவனை அழைத்துப்போவதாக அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றும் திறந்திருக்க மாட்டேன். அன்று அவர்களிடம் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

*

என் தம்பியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. கண்ணை மூடச் சொல்லி, துணியில் சுற்றிய ஏதாவது ஒன்றைக் கையில் வைப்போம். செங்கல், செருப்பு, என் புத்தகப் பை. “ஒண்ணே கால் கிலோ” என்பான். கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தால் அதேதான் இருக்கும். பத்து கிராம் தப்பினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வளர்ந்து தராசு வேலைக்குப் போனது அதனால்தான். கடை கடையாகப் போய் மேசைத் தராசு, மேடைத் தராசு எல்லாம் சரிபார்ப்பான். தோள் பையில் நான்கு எடைக்கல். ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று. மொத்தம் பத்து கிலோ. அது அவனுக்கு இன்னொரு கைபோல.

அவன் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். பக்கத்தில் போனால் மெஷின் எண்ணெயும் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியும் கலந்த ஒரு வாசனை வரும். ஒரு நாள் கண் திறக்காத பூனைக்குட்டி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வந்தாள். சொட்டு மருந்துக் குப்பியில் பால் விட்டு வளர்த்தாள். அது பெரிதானதும் அவள் மெஷினை மிதிக்கும் சத்தம் கேட்டால் மூன்று தெரு தாண்டியும் ஓடி வரும். அதற்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டாள்.

நான்தான் தடுத்தேன். எங்கள் வீட்டில் மிருகங்களுக்குப் பெயர் வைப்பதில்லை. அப்பா காலத்திலிருந்து அப்படி. பெயர் மனிதர்களுக்கு.

“அப்ப இத எப்படிக் கூப்பிடறது அண்ணி?” என்று கேட்டாள்.

“‘வா’ன்னா வரும்” என்றேன்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. பல வீடுகளில் உள்ளதுதான். வாசற்படி இறங்கும்போதும் சரி, படுக்க எழும்போதும் சரி, யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. ‘வரேன்’ என்போம். அவளும் அன்று அப்படித்தான் சொன்னாள். தன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். கையில் பை. “போயிட்டு வரேன்.” சரக்குக் கிடங்குகள் வரிசையாக நிற்கும் கிட்டங்கி ரோட்டுப் பேருந்து நிறுத்தத்தில், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேருந்து வந்தது. எழவில்லை. இதயம் என்றார்கள். தம்பி கடையில் வேலையாக இருந்ததால் அவள் தனியாகப் போனாள். அது அவன் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவன் அந்த ரோட்டில் கால் வைக்கவில்லை. மகள் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் அவனும் பூனையும். இரவானால் அவன் கட்டிலின் கதவுப் பக்கம் படுப்பான். சுவர்ப் பக்கம் மனைவியின் இடம், காலியாகவே இருக்கும். கால்மாட்டில் பூனை. “அது காலுல படுத்திருந்தாத்தான் அக்கா தூக்கம் வருது” என்பான். அதன் எடை மூன்றரை கிலோ. அதையும் சொல்வான்.

அந்த இரவு மொத்தக் கடை ஒன்றில் மேடைத் தராசு சிக்கிக்கொண்டது. வேலை முடியப் பத்து மணி தாண்டிவிட்டது. வழக்கமான வழியில் பாலத்தை உடைத்துப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லை. கிட்டங்கி ரோடு.

பத்து நாற்பது. இரண்டு பக்கமும் பூட்டிய கிட்டங்கிகள். தகரக் கூரை. அவன் செருப்புச் சத்தம் மட்டும். பேருந்து நிறுத்தத்தில் ஒரு குழல் விளக்கு, எரிந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அவன் அந்தப் பெஞ்சைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி கடந்தான்.

ஐம்பது அடி தாண்டியிருப்பான்… பை கனத்தது.

இன்னொருவராக இருந்தால் களைப்பு என்று நினைத்திருப்பார். அவனுக்குத் தெரியும். பதின்மூன்றரை. பத்தில்லை, பதின்மூன்றரை. நின்றான். பையை இறக்கித் திறந்து பார்த்தான். நான்கு எடைக்கல். வேறொன்றும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஐந்து. இரண்டு. இரண்டு. ஒன்று. எல்லாம் சரி. பையில் போட்டுத் தூக்கினான். பதின்மூன்றரை.

நனைந்த சாக்கு வாசனை வந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

வீட்டுக்குள் போய்ப் பையை அறை மூலையில் வைத்தான். கட்டிலில் படுத்திருந்த பூனை எழுந்தது. மாப்பிள்ளை, அது சீறவில்லை. அதன் கண் சிவக்கவும் இல்லை. இறங்கி, சுவரை ஒட்டியே நடந்து, பைக்குப் பக்கத்தில் இருந்த வெறும் தரையைப் பார்த்தபடியே வெளியே போனது. அன்றிலிருந்து அந்தக் கட்டிலில் அது ஏறவில்லை.

காலையில் பையைத் தூக்கினான். பத்து கிலோ.

பூனை படுக்க வராதது அவனை மிகவும் வாட்டியது. எனக்குப் போன் செய்தான். நான் கம்பவுண்டரைக் கேட்டேன். கம்பவுண்டர் சோப்பு என்றார். அவன் சோப்பை மாற்றினான். போர்வையைத் துவைத்துப் போட்டான். ஒவ்வொரு இரவும் விளக்கை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, இருட்டைப் பார்த்துக் கூப்பிடுவான்.

“வா. வந்து படு.”

ஒன்பது இரவு கூப்பிட்டான்.

பத்தாவது இரவு வந்தது.

காலை ஆறரைக்குப் போன். குரலில் அவ்வளவு நிம்மதி. “அக்கா, வந்துருச்சு. கால்மாட்டுலயே படுத்திருந்துச்சு. மூணரை, அப்படியே.” நான் வேலைக்குக் கிளம்பும் அவசரம். சந்தோஷம் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் இரவு. கால்மேல் கனம் இருக்கிறது. கண்ணை மூடிக் கிடக்கிறான். அப்போது ஜன்னலுக்கு வெளியே பூனை கத்தியது. அவனுடைய பூனை. அதன் குரல் அவனுக்குத் தெரியாதா?

கனம் கால்மேல் அசையாமல் கிடந்தது.

“விளக்கைப் போட்டுப் பாத்தியா?” என்று காலையில் போனில் கேட்டேன்.

“போட்டேன் அக்கா. போர்வை குழிஞ்சிருக்கு. குழியில ஒண்ணுமில்லை. கை வச்சா ஜில்லுனு இருக்கு. அப்புறம்… மூணரை இல்லை. அஞ்சு.”

டாக்டரைப் பார் என்றேன். “டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? காலடியில அஞ்சு கிலோ, மாத்திரை குடுங்கன்னா?” என்று சிரித்தான். நான் அடுத்துச் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. “வெளிய யார்கிட்டயும் சொல்லாதே. கல்யாணத்துக்கு நிக்கப்போற பொண்ணு இருக்கா. அப்பனுக்குப் புத்தி சரியில்லைன்னு பேர் வந்துடும்.” முதலில் எனக்கு அதுதான் தோன்றியது. என் தம்பி பயந்திருப்பான் என்று தோன்றவில்லை.

அன்றுமுதல் தினமும் காலை ஆறரைக்குப் போன். வேறு பேச்சே கிடையாது.

“ஏழே கால், அக்கா.”

“பத்து.”

“பதினாலரை.”

வளர வளர அது கால்மாட்டை விட்டு மேலே நகர்ந்தது. பிறகு சுவர்ப் பக்கம். அவள் இடம். முப்பது கிலோ தாண்டிய காலையில் அவன் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைக்கவில்லை. “அக்கா… அவதான் வரா. ‘வரேன்’னுதானே சொல்லிட்டுப் போனா?”

நான் போனை வைத்தேன்.

அவன் மனைவியின் எடை ஐம்பத்தொன்று. எடை ஐம்பத்தொன்றைத் தொட்ட அன்று அவன் முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தானாம். அவனே சொன்னான். “அம்பத்தொண்ணு. கிராம் பிசகலை. அவளேதான் அக்கா.”

“மெஷின் எண்ணெய் வாசனை வருதா?” என்று கேட்டேன்.



“நனைஞ்ச சாக்கு வாசனை” என்றான்.

“பூனை வந்துச்சா?”

“வரலை.”

“அவ வளர்த்த பூனை. வந்தது அவன்னா, உனக்கு முந்தி அது போய்ப் படுத்திருக்கும்டா.”

போனை வைத்துவிட்டான். மறுநாள் அழைப்பு இல்லை. அதற்கடுத்த நாள் வந்தது.

“அம்பத்து மூணு” என்றான். கொஞ்சம் பொறுத்து, “போன இடத்துல நல்லா சாப்பிட்டிருப்பா போல” என்றான். நகைச்சுவையாகச் சொன்னான்.

ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது அறுபத்தாறு.

வாசலிலேயே கேட்டேன். “உன் எடை எவ்வளவு?”

“அறுபத்தெட்டு. ஏன் கேக்கறே?”

ஏன் என்று நான் சொல்லவில்லை. இப்போதே என்னோடு வந்துவிடு, சாவியை எடு என்றேன். தலையசைத்து மறுத்தான். “அவளா இருந்தா? ஒரு தடவை தனியா அனுப்பிட்டேன் அக்கா. மறுபடியும் எப்படி விட்டுட்டு வரது?”

அவளில்லை என்று உனக்கே தெரியும் என்றேன். தெரியும் என்றான். தெரிந்தும் அறைக்குப் போனான்.

நான் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கூடத்து விளக்கு மட்டும் எரிந்தது. வெளிச்சம் கதவு அகலத்துக்குக் கட்டில்மேல் விழுந்தது. அவன் கதவுப் பக்கம் படுத்தான். மணி பதினொன்று பத்து. இருட்டைப் பார்த்து, பழக்க தோஷத்தில் போல, சொன்னான்.

“வா. வந்து படு.”

நான் அவன் வாயைப் பொத்தியிருக்கலாம்.

சுவர்ப் பக்கம் ஒரு ஸ்பிரிங் முனகியது. பிறகு ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்து. போர்வை இழுபட்டு மெத்தை இறங்கியது. மெதுவாக, வயதானவர்கள் படுப்பதுபோல, முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியாகத் தலை. தலையணை குழிந்தது. ஈரச் சாக்கு வாசனை என் தொண்டை வரை வந்தது. மூச்சுச் சத்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. அது தம்பியுடையது.

“அறுபத்தேழு” என்று முணுமுணுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, “அறுபத்தேழரை.”

பிறகு, “அக்கா” என்றான்.

ஒரு தடவைதான் கூப்பிட்டான்.

நான் எழுந்தேன். வெளியே வந்தேன். ஓடவில்லை. நடந்துதான் வந்தேன். காற்று சாத்தியது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கதவைச் சாத்தியது நான்தான்.

பூனை எங்கிருந்தோ வந்து என் மடியில் ஏறியது. இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஸ்பிரிங் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது. கதவுப் பக்கம் ஒன்று, சுவர்ப் பக்கம் ஒன்று. விடிவதற்குச் சற்று முன் கதவுப் பக்கத்துச் சத்தம் நின்றது. சுவர்ப் பக்கம் மட்டும், ஒரே ஒரு முறை, யாரோ நன்றாகச் சோம்பல் முறித்துப் புரண்டதுபோல்…

ஆறரைக்குக் கதவு திறந்தது. தம்பி வந்தான். முகம் கழுவினான். தெளிவாக இருந்தான். “போயிருச்சு அக்கா” என்றான். “இனிமே வராது.”

பூனை மடியை விட்டு இறங்கி, சுவரை ஒட்டியே நடந்து வெளியே போனது.

எனக்கு ஒன்று செய்யத் தோன்றியது. சமையலறையில் கிடந்த அரைக் கிலோ எடைக்கல்லைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். “கண்ணை மூடு” என்றேன். சின்ன வயது விளையாட்டு. மூடினான். கையில் வைத்தேன். அவன் அதை ஏந்திக்கொண்டு நின்றான். வெகு நேரம் நின்றான். ஆட்டிப் பார்த்தான்.

“ரெண்டு கிலோவா?”

“ஆமா” என்றேன்.

*

மழை நின்றிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

“பேர் வச்சிருந்தா…” என்று தம்பி மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பான். பேருக்குரியது மட்டும் வந்திருக்கும்” என்றேன். “அவன் வாசலைத் திறந்து வச்சு, ‘வா’ன்னு பொதுவாச் சொன்னான். நான் கத்துக்குடுத்ததுதான்.”

அறைக்குள் ஸ்பிரிங் முனகியது. அவனையும் பூனையையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, தன் கட்டிலையும் இங்கே கொண்டுவரச் சொல்லி அவனேதான் கேட்டு வாங்கினான். அதன் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் குரலும் எனக்குத் தெரியும். அது சுவர்ப் பக்கத்து ஸ்பிரிங்.

கதவு திறந்தது. பூனை என் மடியில் இல்லை.

“கரண்ட் இன்னும் வரலையா?” என்றான் தம்பி. ஆடும் வெளிச்சத்தில் எங்கள் எல்லாரையும் பார்த்தான். பிறகு தரையில் தூங்கும் குழந்தையைப் பார்த்தான். ஆசையாகத்தான் பார்த்தான். எந்தத் தாத்தாவும் பார்க்கிற மாதிரிதான்.

“தரையெல்லாம் ஈரமா இருக்கே. பாப்பாவக் கொண்டா. என் பக்கத்துல படுக்கட்டும்.”

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

அவள் அவனுடைய ஒரே மகள். அம்மா போன பிறகு அப்பா அப்பா என்று உயிரை விட்டவள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவன் முகத்தைப் பார்த்தாள். குழந்தையை வாரி எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“இல்லப்பா. பால் குடுக்கணும்.”

“குடுத்துட்டுக் கொண்டா.”

“அவன் என்கிட்டயே இருக்கட்டும்பா.”

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். “சரி” என்றான். “நான் போறேன்.”

அவன் உள்ளே போன பிறகும் அவள் உட்காரவில்லை. விடியும்வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாள்.

காலையில் முதல் பேருந்துக்குக் கிளம்பினார்கள். அப்பாவுக்கென்று அவள் வாங்கி வந்திருந்த புதுத் துணிப்பெட்டி என் வீட்டிலேயே இருக்கிறது, காலியாக. தம்பி வாசலில் நின்று கையசைத்தான். அவள் படி இறங்கினாள். எங்கள் வீட்டில் பிறந்து, எங்கள் வீட்டு வார்த்தை கேட்டு வளர்ந்த பெண்… திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

“போறேன்பா” என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

*

இப்போது தெருவில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. யார் வாயிலிருந்து கசிந்தது என்று எனக்குத் தெரியும். கம்பவுண்டரிடம் அதைப் பிறகு பேசிக்கொள்கிறேன். அன்று காலை அந்த அறையிலிருந்து வெளியே வந்தது என் தம்பியே இல்லை என்று சொல்கிறார்களாம்.

அது தவறு.

அவன் என் தம்பிதான். இடது புருவத்தில் சின்ன வயதில் பட்ட தழும்பு அதே இடத்தில் இருக்கிறது. கையெழுத்து மாறவில்லை. நான் சும்மா சொல்கிறவள் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவனைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், கன்றுக்குட்டிகளை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்கிறேன். அறுபத்தெட்டு. காய்ச்சலில் பன்னிரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்து எழுந்த வாரமும் அறுபத்தெட்டு. இந்த ஏழு வருடத்தில் ஒரு கிராம் ஏறியதும் இல்லை, ஒரு கிராம் இறங்கியதும் இல்லை.